மமதா நிரப்பிய பதினொரு படிவங்கள்

மமதா வகுப்புப் பிரதிநிதி ஆனதற்கு அவளுடைய மதிப்பெண் காரணமில்லை. மாரிகுப்பத்தில் புறப்படும் காலை ரயிலில் வந்து படித்தவர்கள் மொத்தம் நாற்பத்து மூன்று பேர். அவர்களில் யார் எந்த ஸ்டேஷனில் ஏறுவார்கள், யார் வீட்டில் என்ன சிக்கல், யார் எந்தப் பாடத்தில் அரியர் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒயிட்ஃபீல்டுக்கு அப்பால் இருந்த அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் பி.சி.ஏ. 'சி' பிரிவு என்றாலே கோலார் தங்கவயலிலிருந்து வரும் கே.ஜி.எஃப். ரயில்காரர்கள் என்றுதான் பொருள். வண்டி தாமதமானால் பிரிவில் பெஞ்சுகள் காலியாகவே இருக்கும்.

அவளை அந்தப் பொறுப்பில் உட்கார வைத்தவர் துறை ஆசிரியர் ஞானதாஸ் சார். அவரும் கே.ஜி.எஃப்.காரர்தான், ஆண்டர்சன்பேட்டை. முதல் செமஸ்டரில் ஒருநாள், எல்லாப் பிரிவுகளும் சேர்ந்த வகுப்பில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, ஏதோ யோசனையில் இருந்த மமதா எழுந்து, "இன்னா சார்?" என்று கேட்டுவிட்டாள். பெங்களூர்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கியது. ஞானதாஸ் சார் சிரிக்கவில்லை.

"இன்னாம்மா, சாம்பியனா, மைசூர் மைன்ஸா?" என்று அதே தமிழில் கேட்டார்.

"மைசூர் மைன்ஸ் சார்."

"அப்ப பர்வாகில்ல. உக்காரு."

அன்றிலிருந்து அவர் மேல் மமதாவுக்கு ஒரு பிடிப்பு. ரயில் தாமதத்தால் வருகைப் பதிவு குறைந்தவர்களைத் தேர்வு எழுத விடமாட்டோம் என்று துறையில் சொன்னபோது, பங்கார்பேட் ஸ்டேஷனில் வாங்கிய தாமதச் சான்றுகளைக் கட்டாக எடுத்துக்கொண்டு போய் வாதாடி எல்லோரையும் எழுத வைத்தவர் அவர்தான். நம்ம ஆள் ஒருத்தர் உள்ளே இருக்கிறார் என்று 'சி' பிரிவு முழுக்க நம்பியது. மமதா கொஞ்சம் கூடுதலாகவே நம்பினாள்.

அவள் வீடு மைசூர் மைன்ஸ் சுரங்கக் குடியிருப்பில் ஒரு லைன் வீடு. முன்னறை, பின்னறை, ஒட்டினாற்போல் தகரம் வேய்ந்த சமையலிடம். கொள்ளுத்தாத்தா காலத்தில் வடாற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். அப்பா சம்பங்கி ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. பகல் ஷிஃப்ட் இருக்கும் வாரங்களில் அப்பாவும் மகளும் ஒரே வண்டியில் போவார்கள். அம்மா கிருஷ்ணம்மா முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள். தம்பி பரத் பள்ளியில் படித்தான்.

ஊரடங்கு வந்த வருடம் மமதா பி.யூ.சி. முதலாண்டு, அதாவது பிளஸ் ஒன். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்; காலையில் அவளுக்கு, மதியம் பரத்துக்கு. கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு நாள் அவளிடம் கேள்வி வந்தது. மைக்கைத் திறந்தாள். பின்னால் அம்மாவின் மிஷின் கடகடவென்று ஓடியது. ஆசிரியை எரிச்சலோடு, யார் வீட்டில் ஃபேக்டரி நடக்கிறது, அந்தப் பெண்ணை மியூட் பண்ணுங்கள் என்றாள். அறுபது பேர் அதைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுக்க மமதா மைக்கைத் திறக்கவே இல்லை. புரியாத இடங்களை நோட்டில் கேள்விக்குறி போட்டுக் குறித்துக்கொண்டே போனாள். கடைசியில் நோட்டு முழுக்கக் கேள்விக்குறிகளே இருந்தன. எப்படியோ தேறினாள். ஆனால் இனிமேல் எதைப் படித்தாலும் ஆளுக்கு எதிரே உட்கார்ந்துதான் படிப்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

அதனால்தான் தினம் ஐந்து மணி நேரப் பயணம் என்றாலும் அவளுக்கு அந்தப் பல்கலைக்கழகம் பிடித்திருந்தது. கம்ப்யூட்டர் லேபில் அவளுக்கென்று ஒரு கம்ப்யூட்டர். புரோகிராம் ஓடாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர்களைக் கேட்கலாம். அவர்களுக்கும் தெரியாவிட்டால் சாரைக் கூப்பிடலாம். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது என்பது அந்த அறைக்குள் யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

நான்காவது செமஸ்டர் தொடங்கிய சில நாட்களில் ஞானதாஸ் சார் அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் ஒரு கட்டுப் படிவங்கள். முழுமையான ஆன்லைன் கல்வி பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள், அதற்கு எவ்வளவு தயாராக இருக்கிறார்கள் என்று அவர் பி.எச்.டி.க்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இருபத்தெட்டு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண். ஒன்று என்றால் சுத்தமாக ஒப்பவில்லை, ஐந்து என்றால் முழுக்க ஒப்புகிறேன். ரயிலிலேயே எல்லோரிடமும் நிரப்பி வாங்கி வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கொடுக்க வேண்டும்.

மமதா படிவத்தைப் படித்துப் பார்த்தாள். 'வீட்டில் எனக்குப் படிப்பதற்கு அமைதியான இடம் உண்டு.' 'இணையத் தொடர்பு எனக்குத் தடையின்றிக் கிடைக்கிறது.' 'ஆசிரியரை நேரில் பார்க்காவிட்டாலும் சந்தேகம் கேட்கத் தயங்கமாட்டேன்.' அவளுக்குச் சிரிப்பு வந்தது. எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் போட வேண்டியிருக்கும் சார் என்றாள்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "உன் இஷ்டம். ஆனா ஒண்ணு சொல்றேன். கே.ஜி.எஃப். பசங்கன்னா ஒண்ணும் தெரியாதவங்க, லேப்டாப் கூட தொட்டதில்லன்னு இங்க ஒரு நெனப்பு கீது. ஒன்னு, ரெண்டுன்னு போட்டு குடுத்தா அதயே புக்குல ஏத்தி வெப்பாங்க. நம்மள நாமே ஏன் கொறச்சிக் காட்டணும்?"

பெயர்கள் எங்கேயும் வராது என்றும், இது வெறும் ஆராய்ச்சிக்குத்தான் என்றும் சொன்னார். அவர் பொய் எழுதச் சொல்லவில்லை. அதைப் பிற்பாடு மமதா எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். பொய் எழுது என்று ஒரு வார்த்தை கூட அவர் சொல்லவில்லைதான்.

மறுநாள் வண்டியில் படிவங்களைக் கொடுத்தாள். பெட்டியில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. ஊரடங்கில் எல்லோருமே ஒரு ருசி பார்த்தவர்கள். மாலையில் உணவு டெலிவரி வேலை பார்த்துவந்த வினய்க்கு ஆன்லைன் என்றால் வெல்லம். பயண நேரம் மிச்சமானால் இன்னொரு ஷிஃப்ட் ஓட்டலாம் என்றான். சரத்துக்கு வேறு கணக்கு. வீட்டிலிருந்து பரீட்சை எழுதினால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் அல்லவா? நேத்ரா மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டு, போன் டேட்டா தீர்ந்தால் பாடமும் தீர்ந்துபோகுமே, அதற்கு எந்த எண் என்று கேட்டாள். சார் சொன்னதை மமதா எல்லோருக்கும் எடுத்துச் சொன்னாள். நம்ம ஊரை நாமே குறைத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பேச்சு எடுபட்டது. ஒன்றும் இரண்டும் போட்டிருந்த சிலர் அடித்துவிட்டு நான்கும் ஐந்துமாக மாற்றினார்கள். நேத்ராவும் மாற்றினாள். மமதா தன் படிவத்தில் இருபத்தெட்டுக்கும் ஐந்து போட்டாள்.

வெள்ளிக்கிழமை வரை முப்பத்திரண்டு படிவங்கள் சேர்ந்தன. அந்த வாரம் ஆண்டர்சன்பேட்டையில் சர்ச் திருவிழா; சிலர் கல்லூரிப் பக்கமே வரவில்லை. பதினொரு பேர் பாக்கி. சாரிடம் போய் முடியவில்லை என்று சொல்ல மமதாவுக்கு மனம் வரவில்லை. கேன்டீனில் ஒரு மூலையில் உட்கார்ந்து, மூன்று நிறப் பேனாக்களை மாற்றி மாற்றி, பதினொன்றையும் தானே நிரப்பினாள். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டால் பொய்யென்று தெரிந்துவிடும் என்று நடுநடுவே மூன்றும் நான்கும் கலந்து போட்டாள்.

அந்தப் பதினொன்றில் ஒன்று ஜெனிட்டாவுடையது.

ஜெனிட்டா சாம்பியனில் ஏறுவாள். மமதாவுக்கு முதல் செமஸ்டரிலிருந்து பக்கத்து இருக்கை. அவள் வீட்டில் அக்கா ஐடா கணவனோடு ஒத்துவராமல் இரண்டு குழந்தைகளுடன் திரும்பி வந்திருந்தாள். இரண்டே அறைகளில் ஏழு பேர். கல்லூரிக்கு லீவு விட்டால் தனக்குத்தான் தண்டனை என்பாள் ஜெனிட்டா. வகுப்பு முடிந்தபின் வண்டி நேரம் வரைக்கும் லைப்ரரியில் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். படிக்காத நாட்களிலும் சும்மா உட்கார்ந்திருப்பாள். இதெல்லாம் மமதாவுக்குத் தெரியும். தெரிந்தும், 'வீட்டில் எனக்குப் படிப்பதற்கு அமைதியான இடம் உண்டு' என்ற வாக்கியத்துக்கு எதிரே ஜெனிட்டாவுக்காக நான்கு என்று வட்டமிட்டாள். திங்கட்கிழமை அதை அவளிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை வேறு பேச்சு வந்துவிட்டது.

நான்காவது செமஸ்டர் தேர்வுகளுக்கு ஒரு மாதம் முன்பு சுற்றறிக்கை வந்தது. மாணவர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வின் அடிப்படையிலும், அவர்களுடைய பயணச் சிரமத்தைக் கருத்தில் கொண்டும், பி.சி.ஏ. 'சி' பிரிவு ஐந்தாம் செமஸ்டரிலிருந்து முழுமையான ஆன்லைன் முறைக்கு மாற்றப்படுகிறது. லேப், நூலகம், விடுதி ஆகியவை நேரடி வகுப்பு மாணவர்களுக்கு மட்டும். தேர்வுக்கு மட்டும் நேரில் வந்தால் போதும்.

வண்டியில் முதலில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. என்ன ஆய்வு, யார் கேட்டது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஞானதாஸ் சாரிடம் சொன்னால் பார்த்துக்கொள்வார் என்று மமதாதான் எல்லோரையும் சமாதானப்படுத்தினாள். அவள் அப்படிச் சொல்லி முடித்த அரை மணி நேரத்தில் வினய் பல்கலைக்கழக இணையதளத்தில் அந்த ஆய்வறிக்கையைக் கண்டுபிடித்து வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டான்.

நாற்பது பக்கம். பன்னிரண்டாம் பக்கத்தில் ஓர் அட்டவணை: 'தொலைவிலிருந்து வரும் மாணவர்கள், 43 பேர். தயார்நிலைச் சராசரி 4.6.' நகரத்து மாணவர்களுடைய சராசரி அதைவிடக் குறைவு. முகப்பில் ஞானதாஸ் சாரின் பெயர். பெயருக்குக் கீழே புதிய பதவி, 'ஒருங்கிணைப்பாளர், ஆன்லைன் கல்விப் பிரிவு'. கடைசிப் பக்கத்தில் நன்றியுரை. தரவு சேகரிப்பில் பேருதவி புரிந்த வகுப்புப் பிரதிநிதி செல்வி எஸ். மமதாவுக்கு நன்றி.

பெயர் எங்கேயும் வராது என்று சொல்லியிருந்தார். நாற்பத்து மூன்று பேரில் ஒரே ஒரு பெயர் வந்திருந்தது.

குழுவில் முதலில் சரத், உனக்கு என்ன கொடுத்தாங்க என்று கேட்டான். அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் அடையாளம் போட்டார்கள். ஜெனிட்டா தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். நான் இந்த ஃபார்மையே பார்த்ததில்லையே, நாற்பத்து மூன்று எப்படி வந்தது? மமதா அதைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆண்டர்சன்பேட்டைக்குப் போனாள். சார் வார நாட்களில் பெங்களூரில் தங்கினாலும் ஞாயிறு ஆராதனைக்கு ஊருக்கு வந்துவிடுவார். அவர் மனைவி பியாட்ரிஸ் கதவைத் திறந்து, நம்ம ஊர்ப் பெண்ணா என்று அன்பாக விசாரித்து உட்கார வைத்து டீ கொடுத்தாள். சார் உள்ளேயிருந்து வந்தார். சர்ச்சுக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கூட இன்னும் மாற்றவில்லை.

மமதா வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு வந்த கேள்விகள் அந்த டீயோடு கரைந்துவிட்டன. கடைசியில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"இத்த செய்யத்தான் எழுதி வாங்கினீங்களா சார்?"

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகவே விளக்கினார். ஆராய்ச்சி ஆராய்ச்சிதான்; அதை வைத்து நிர்வாகம் என்ன முடிவெடுக்கிறது என்பது அவர் கையில் இல்லை. புதிய எஞ்சினியரிங் படிப்புக்கு லேப் கட்டடம் தேவைப்பட்டது. ஏதோ ஒரு பிரிவு வெளியே போயே ஆக வேண்டியிருந்தது. தயாராக இருக்கிற பிரிவைத்தானே அனுப்புவார்கள்?

"நாங்க தயார் இல்ல சார். உங்களுக்கே தெரியும்."

"எனக்கு இன்னா தெரியுங்கறது கேள்வி இல்ல மமதா. பேப்பர்ல இன்னா கீதுன்றதுதான். நீங்க எழுதுனதத்தான் நான் எழுதினேன். ஒரு நம்பர் கூட மாத்தல."

அது உண்மை என்பதுதான் அவளுக்கு வலித்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். பியாட்ரிஸ் சமையலறையில் இருந்தாள்.

"இன்னொண்ணு. பதினொரு ஃபார்ம் ஒரே கை. ஏழு மட்டும் எப்பவும் குறுக்கே கோடு போட்டு எழுதுவ நீ. தேதி, ரோல் நம்பர் எல்லாத்துலயும் அந்தக் கோடு. வாங்கின அன்னிக்கே பார்த்துட்டேன். உன்ன காட்டிக் குடுக்கல. இனிமேலும் குடுக்க மாட்டேன். ஆனா நீ போயி ஆய்வு தப்புன்னு சொன்னா, எப்படித் தப்பாச்சுன்னு கேப்பாங்க இல்ல?"

மிரட்டுகிற தொனி துளியும் இல்லை. அவளுடைய நன்மைக்காகச் சொல்வது போலவே இருந்தது. வாசல் வரை வந்து வழியனுப்பினார். நன்றாகப் படி, ஆன்லைன் பிரிவில் மாணவர் பிரதிநிதி ஒருத்தர் தேவைப்படுவார்கள், உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் மமதா வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். வழியில் ஒரு விஷயம் அவளுக்கு மெல்ல விளங்கியது. படிவங்களை வாங்கிய அன்றே அவருக்குத் தெரியும். அன்றைக்கே, ஏம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டுக் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கவில்லை. பத்திரமாக வைத்துக்கொண்டார். அவள் செய்த தப்பு அன்றிலிருந்தே அவள் வாய்க்குப் போட அவர் கையில் ஒரு பூட்டாக இருந்திருக்கிறது. இன்னா சார் என்று சொன்ன பெண்ணை மற்றவர்கள் சிரித்தபோது அரவணைத்துக்கொண்டவர், அந்த உறவை இப்படிப் பயன்படுத்தினார் என்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தர் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பாள்.

வீட்டில் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். சம்பங்கி அதிகம் பேசுகிற ஆள் இல்லை. என் மகளும் நானும் ஒரே வண்டியில் போகிறோம், அவள் காலேஜுக்கு, நான் டியூட்டிக்கு என்று பெட்டியில் புதிதாக ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அவருக்குத் தெரிந்த பெருமை அவ்வளவுதான். பதினொரு படிவங்களைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"அவரு பண்ணது இருக்கட்டும். அந்தப் பசங்க பேருல நீ ஏம்மா எழுதுன?"

முடியவில்லை என்று சாரிடம் சொல்ல மனம் வரவில்லை என்றாள் மமதா.

"மொதல்ல அந்தப் பசங்க கிட்ட சொல்லு. அப்பறம் மத்தவங்கள கேளு."

திங்கட்கிழமை காலை வண்டியில், பங்கார்பேட் தாண்டியதும், மமதா இருக்கையிலிருந்து எழுந்து நின்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. யார் யாருடைய படிவத்தைத் தான் நிரப்பினாள் என்று பதினொரு பெயர்களையும் சொன்னாள். சார் வீட்டில் நடந்ததையும் சொன்னாள். சரத் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வினய் மட்டும், விடு, எனக்கு ஆன்லைன் வந்தது நல்லதுதான் என்றான். அந்த ஆறுதல் அவளுக்கு அடி போல விழுந்தது.

ஜெனிட்டா எதிரில் உட்கார்ந்திருந்தாள். "அமைதியான எடம் கீதான்னு ஒரு கேள்வி இருந்திச்சாமே," என்றாள். "எனக்கு இன்னா போட்ட?"

"நாலு."

ஜெனிட்டா தலையை ஆட்டினாள். கத்தவில்லை. மாலூரில் சிலர் இறங்கி இடம் காலியானதும் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரமே மமதா படிவத்தை நகலெடுத்துக் கொண்டுவந்து, இந்த முறை உள்ளது உள்ளபடி எழுதுங்கள், என்னிடம் தர வேண்டாம், நேத்ராவிடம் கொடுங்கள் என்றாள். முப்பத்தெட்டு பேர் எழுதினார்கள். இருபத்திரண்டு பேர் தயாரில்லை என்றார்கள். பத்து பேர் தயார் என்றார்கள். அதில் வினய்யோடு, தினம் ரயிலில் உட்கார்ந்து வர முடியாத அளவுக்கு முதுகுவலி உள்ள ஒரு பெண்ணும் இருந்தாள். மற்ற ஆறு பேருக்கு எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரியவில்லை. ஓரிருவரைத் தவிர எல்லோருமே ஆன்லைனை எதிர்க்கிறார்கள் என்று மமதா நினைத்திருந்தாள், அதுவும் பொய்யாகிவிட்டது. ஒழுங்காகக் கேட்டிருந்தால், விரும்புகிறவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை வகுப்பில் வைத்திருக்கலாம். அவ்வளவு எளிய விஷயம்.

படிவங்களோடு ஒரு கடிதத்தையும் இணைத்தாள். பதினொரு படிவங்களைத் தானே நிரப்பியதாக அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நேத்ராவோடு போய் டீனிடம் கொடுத்தாள். டீன் அம்மாள் அவளையும் நேத்ராவையும் உட்கார வைத்து மரியாதையாகவே பேசினார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். விசாரித்து எழுத்தில் பதில் தருகிறோம் என்றார்.

பதில் மூன்று வாரம் கழித்து மின்னஞ்சலில் வந்தது. மாணவியின் ஒப்புதலின்படி பதினொரு படிவங்களும் செல்லாதவை என நீக்கப்பட்டன. மீதமுள்ள முப்பத்திரண்டு படிவங்களைக் கொண்டு மறுகணக்கீடு செய்ததில் தயார்நிலைச் சராசரி 4.6-இலிருந்து 4.7 ஆக உயர்ந்துள்ளது. எனவே ஆய்வின் முடிவில் மாற்றமில்லை. புதிய படிவங்கள் உரிய முறையில் சேகரிக்கப்படாததால் ஏற்பதற்கில்லை.

மமதா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். உண்மை போலத் தெரிய வேண்டும் என்று அவள் கலந்து போட்ட மூன்றும் நான்கும்தான் சராசரியைக் கொஞ்சமாவது கீழே இழுத்துப் பிடித்திருந்தன. அவற்றையும் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

கடிதத்தின் இரண்டாம் பகுதி அவளைப் பற்றியது. தரவில் முறைகேடு செய்ததற்காக எச்சரிக்கை. வகுப்புப் பிரதிநிதிப் பொறுப்பிலிருந்து நீக்கம். ஞானதாஸ் சாரைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. தேர்வு நாட்களில் ஒருமுறை தாழ்வாரத்தில் அவர் எதிரே வந்தார். அவர் நிற்கவில்லை. ஆனால் போகிற போக்கில், "சொன்னேன் இல்ல," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். உண்மையிலேயே வருத்தப்படுகிற முகம் அது. மமதாவுக்கு அதுதான் தாங்கவில்லை. லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஐந்தாம், ஆறாம் செமஸ்டர்கள் ஆன்லைனில் நடந்தன. அப்பா குடியிருப்பில் ஒருவர் கழித்துப் போட்ட பழைய லேப்டாப் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அதன் மின்கலம் ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. கரண்ட் போனால் வகுப்பும் போகும். அம்மா வகுப்பு நேரத்தில் மிஷினை நிறுத்திவிட்டுக் கையால் தைத்தாள். ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு நாள் ஆனது. வேண்டாம், நீ மிஷினையே ஓட்டு என்று மமதா சொன்னாள். சந்தேகம் வந்தால் இந்தத் தடவை மைக்கைத் திறந்தே கேட்டாள். மிஷின் சத்தம் யாருக்கு வேண்டுமானாலும் கேட்கட்டும் என்றிருந்தாள். ஆனால் அந்தப் பக்கம் பெரும்பாலும் முன்பே பதிவு செய்த பாடம்தான் ஓடிக்கொண்டிருந்தது. கேட்க ஆளில்லை.

நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தொரு பேர் பட்டம் வாங்கினார்கள். வினய் நல்ல மதிப்பெண்ணில் தேறி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தான். நேத்ரா ஓர் அரியரை மறுபடி எழுதித் தேறினாள். மமதா இரண்டாம் வகுப்பு. ராபர்ட்சன்பேட்டையில் ஆஸ்டின் என்பவர் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் அவளுக்கு வேலை கிடைத்தது. விண்ணப்பங்கள் நிரப்பித் தருவதுதான் முக்கால்வாசி வேலை. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் சொன்ன பிறகுதான் தட்டச்சு செய்வாள். நேரமாகிறது, ஏதாவது ஒன்றைப் போட்டு அனுப்பும்மா என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவள் போடமாட்டாள். ஒரு நாளைக்கு இவ்வளவு கம்மியாகத்தான் முடிக்கிறாய் என்று ஆஸ்டின் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஜெனிட்டா ஐந்தாம் செமஸ்டர் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். மார்க்கெட் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று மமதா கேள்விப்பட்டாள். போன வருடம் தீபாவளிக்கு முந்திய வாரம் அந்தக் கடைக்குப் போனாள். ஜெனிட்டா புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மமதாவைப் பார்த்து ஒரு நிமிடம் கையை நிறுத்தினாள், பிறகு மறுபடி மடித்தாள்.

எந்தக் கல்லூரியிலாவது சேர்ந்து விட்ட இடத்திலிருந்து முடிக்கலாம், விண்ணப்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் மமதா.

"நீ பாக்க வேணாம்," என்றாள் ஜெனிட்டா. "எனக்கு எப்ப தோணுதோ அப்ப நானே எழுதிக்குவேன்."

குரலில் கோபம் இல்லை. ஐடாவின் பெரிய பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டதைச் சொன்னாள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்றாள். மமதாவின் அம்மாவை விசாரித்தாள். பழைய நம்பரில் கிடைக்கவில்லையே என்று மமதா கேட்டபோது, சிம் மாற்றிவிட்டேன் என்றாள். புது நம்பரைச் சொல்லவில்லை. மமதாவும் கேட்கவில்லை. அதற்குள் ஒரு குடும்பம் கடைக்குள் நுழைந்தது. ஜெனிட்டா புடவையைத் தோளில் போட்டுக் காட்டப் போய்விட்டாள்.

மமதா கொஞ்ச நேரம் கவுண்டர் ஓரமாக நின்றாள். பிறகு அம்மாவுக்கென்று ஒரு லைனிங் துணி எடுத்தாள். பில்லை வேறொரு பெண் போட்டாள்.